சூடு, சூடு என்று எதைச் சொல்கிறீர்கள்?

பங்குனி பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களிலும் வேர்வை மணக்கத் தொடங்கிவிடும். இந்த முறை பிள்ளைத்தாய்ச்சிகள் எழுதியவைதான் கூட. எல்லாவற்றிலும் 'சூடு' என்ற சொல் இருக்கிறது. ஆனால் ஒருவர் சொல்கிற சூடு வெயில், இன்னொருவருடையது பப்பாசிப்பழம், வேறொருவருடையது காய்ச்சல். எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதால்தான் பாதிக் குழப்பம். முடி கொட்டுவது, மாமியாரோடு மனஸ்தாபம் எல்லாம் அடுத்த இதழுக்கு. இன்றைக்கு இது மட்டும்.

அக்கா, எனக்கு ஏழாம் மாதம். வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் இருக்கிறோம், எங்களுக்கு மேலே மொட்டைமாடிதான். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது இதைவிட வெயில், ஆனால் இப்படித் தவித்ததில்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பி உட்கார்ந்திருக்கிறேன். ஃபேனைக் கூட்டினால் மாமி "பிள்ளைக்குக் குளிர் பிடிக்கும்" என்று வந்து குறைத்துவிடுகிறார். ஏ.சி. பூட்டலாம் என்கிறார் இவர். அது பிள்ளைக்குக் கூடாதா?

முதலில் மாமிக்கு. ஃபேன் காற்று வயிற்றுக்குள் போகாது. உள்ளே இருக்கிற பிள்ளை எப்போதும் உங்களைவிடக் கிட்டத்தட்ட அரைப் பாகை கூடுதல் சூட்டில்தான் இருக்கும். அந்தச் சூட்டை வெளியே அனுப்ப அதற்கு இருக்கிற வழி உங்கள் இரத்தமும் உங்கள் தோலும்தான். நீங்கள் குளிர்ந்தால்தான் அது குளிரும். இதை நீங்களே போய்ச் சொன்னால் வீட்டில் வேறு சூடு கிளம்பும், இந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

யாழ்ப்பாணத்தில் இப்படித் தவிக்கவில்லை என்கிறீர்களே, அது மனப்பிரமை இல்லை. காண்டாவன வெயில் எவ்வளவு எரித்தாலும் அங்கே சோளகக் காற்று எழும்பிவிட்டால் கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், உடம்பில் வருகிற வேர்வையும் அப்படியே காயும். வேர்வை காயும்போதுதான் உடம்பு குளிர்கிறது, வழிந்து ஓடுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. கொழும்பில் காற்றே ஈரமாக இருப்பதால் வேர்வை போக இடமில்லாமல் தோலிலேயே நிற்கிறது. இதற்குத்தான் புழுக்கம் என்று நம் ஆட்கள் பெயர் வைத்தார்கள். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் என்று எச்சரிக்கை விடுகிறதே, அதன் கணக்கும் இதுதான்: வெப்பநிலை 32 பாகை, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் உடம்புக்கு அது 41 பாகை மாதிரி. "32 தானே, இதென்ன பெரிய சூடு" என்று சொல்கிற கணவன்மார் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கவும். இதற்கு மேல் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும், உங்கள் மொட்டைமாடி அந்த வெயிலை முழுக்கக் குடித்துவிட்டு இரவில்தான் ஆறுதலாக உங்கள் அறைக்குள் கக்கும்.

உங்கள் உடம்பும் முந்தி இருந்த உடம்பு இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு இரத்தத்தின் அளவே 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, இதயம் அதற்கு ஏற்ப ஓடுகிறது, சும்மா படுத்திருந்தாலும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. மற்றவர்கள் போர்த்திக்கொண்டு படுக்கிற அறையில் உங்களுக்கு வேர்த்தால் அது நடிப்பும் இல்லை, பலவீனமும் இல்லை.

செய்ய வேண்டியது காற்றை ஓடவைப்பதும் வேர்வைக்குப் பதிலாக வேறு தண்ணீரைத் தோலில் வைப்பதும்தான். மெல்லிய பருத்தித் துவாய் ஒன்றை நனைத்துப் பிழிந்து கழுத்து, கை, கால் எல்லாம் துடைத்துவிட்டு ஈரத்தோடு ஃபேனுக்கு முன்னால் உட்காருங்கள். ஒரு பேசினில் தண்ணீர் விட்டுக் கணுக்கால்வரை வைத்திருந்தாலும் சுகம். ஊரில் செய்கிற மாதிரி யன்னலில் ஈரச் சாக்கு, ஈரச் சேலை தொங்கவிடாதீர்கள், வறண்ட காற்றில் அது வேலை செய்யும், இங்கே அறையின் ஈரத்தைக் கூட்டிப் புழுக்கத்தைத்தான் இரட்டிப்பாக்கும். மேற்குப் பக்க யன்னலுக்குப் பகல் இரண்டு மணிக்கு முன்பே தடித்த திரையை இழுத்துவிட்டு, பொழுது பட்டதும் எதிரெதிர் யன்னல்களைத் திறவுங்கள். கடற்கரை இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நுளம்புக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்து வைக்கிற வீடுகள்தான் வெள்ளவத்தையில் கூட. நுளம்புக்குப் பயப்படுவது சரிதான், அதற்கு யன்னலில் வலை அடிக்கலாமே.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பின்னேரம் மூன்று மணிக்குக் குளிக்கப் போனால் குழாயில் என்ன வருகிறது? மேலே இருக்கிற தாங்கியில் வெந்த தண்ணீர். காலையிலேயே இரண்டு வாளி நிரப்பிக் குளியலறை மூலையில் மூடிவைத்துவிட்டு, படுக்கப் போகுமுன் அதில் குளியுங்கள். ஐஸ் போட்டுக் குளிக்கத் தேவையில்லை, நடுக்கம் வந்தால் உடம்பு இன்னும் சூட்டைத்தான் உண்டாக்கும்.

ஏ.சி. பிள்ளைக்குக் கூடாது என்பது வெறும் கதை. 26இல் வைத்து, கூடவே ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் 22இல் வைத்த சுகம் கிடைக்கும், பில்லும் அந்தளவுக்கு ஏறாது. இரவு முழுக்க வேண்டாம் என்றால் படுக்கிற நேரத்தில் இரண்டு மணித்தியாலம் போட்டு அறையின் ஈரத்தை இறக்கினாலே போதும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில் வயிற்றோடு இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஃபேன் என்பது ஆடம்பரமா என்று சொல்வார்கள்.

படுக்கும்போது மல்லாக்கப் படுக்காமல் பக்கவாட்டில் படுங்கள், இடப்பக்கம் நல்லது. பெரிய பஞ்சுத் தலையணையைக் கட்டிப்பிடித்தால் அதுவும் வேர்க்கும், பழைய பருத்திச் சேலை ஒன்றைச் சுருட்டி முழங்காலுக்கு இடையில் வைத்தால் போதும்.

கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதுகிறேன். அம்மா தினமும் இரண்டு செவ்விளநீர் குடிக்கச் சொல்கிறார், பப்பாசியும் அன்னாசியும் சூடு, கரு கலைந்துவிடும் என்று வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. வத்தகப்பழம் குளிர்மை என்று பக்கத்து வீட்டு அன்ரி சொல்கிறார். எதைத்தான் சாப்பிடுவது? ஐந்தாம் மாதம்.

வெயில் சூடு வேறு, சாப்பாட்டுச் சூடு வேறு. பப்பாசியைச் சாப்பிட்டதால் யாருடைய உடம்பும் வெப்பமானியில் ஏறியதில்லை. நன்றாகப் பழுத்த பப்பாசி சாப்பிடலாம், பால் வடிகிற காயைத்தான் தவிர்க்க வேண்டும். அன்னாசி இரண்டு மூன்று துண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, நெஞ்செரிவு இருந்தால் விட்டுவிடுங்கள், அவ்வளவுதான். ஆனால் அம்மா இவ்வளவு பயந்தால் ஒன்பது மாதத்துக்கு மாம்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்களேன், பப்பாசிக்காகப் போர் நடத்த வேண்டாம்.

செவ்விளநீர் நல்லது, அதில் பொட்டாசியம் நிறைய, ஆனால் சீனியும் இருக்கிறது. கிளினிக்கில் சீனி கூட என்று சொல்லியிருந்தால் எவ்வளவு குடிக்கலாம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேர்வையில் போகிற உப்பை இளநீர் மட்டும் ஈடுசெய்யாது. அதற்கு மோரில் ஒரு கிள்ளு உப்பும் கறிவேப்பிலையும், அல்லது விடியக் கொஞ்சம் பழஞ்சோற்றுத் தண்ணீர். பிரஷர் இருக்கிறவர்கள் உப்பைக் கூட்டுமுன் டாக்டரிடம் கேட்க வேண்டும். வத்தகப்பழம் முழுசாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள், தெருவோரத்தில் வெட்டி வைத்து ஈ காவல் காக்கிற துண்டு வேண்டாம். இந்தக் காலத்தில் வயிற்றோட்டம் வந்தால் வெயில் எடுப்பதைவிட வேகமாக உடம்பில் தண்ணீரை எடுத்துவிடும், அப்படி வந்தால் ஜீவனி உப்புத்தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டே டாக்டரிடம் போகவும்.

தண்ணீர் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறீர்கள். 8 முதல் 12 கிளாஸ் என்பது பொதுக் கணக்கு, கொழும்பு வெயிலில் மேற்பக்கத்தையே பிடியுங்கள். கிளாஸ் எண்ணுவது சலிப்பாக இருந்தால் சிறுநீரைப் பாருங்கள். வெளிர் வைக்கோல் நிறம் என்றால் சரி, கடும் மஞ்சள் என்றால் கடன் வைத்திருக்கிறீர்கள். விட்டமின் குளிசை போட்டால் அதுவும் மஞ்சளாக்கும், அதையும் கணக்கில் எடுங்கள். தண்ணீர் குறைந்தால் வயிறு இறுகி இறுகி விடும், சிறுநீரில் கிருமியும் எளிதில் வரும். வயிறு இறுகினால் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு இடப்பக்கம் படுங்கள். அப்படியும் 37 வாரத்துக்கு முன்னர் ஒழுங்கான இடைவெளியில் வந்துகொண்டே இருந்தாலோ, இரத்தமோ நீரோ கண்டாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், ஆஸ்பத்திரி.

புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை. ஆறாம் மாதம். காலை ஒன்பதரை முதல் நிற்கவேண்டும், உட்காரக் கதிரை இல்லை, கடைக்குள் ஒரே ஒரு ஃபேன், அதுவும் முதலாளியின் பக்கம் திரும்பியிருக்கும். சிறுநீர் கழிக்க இரண்டு கட்டடம் தள்ளிப் போகவேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். நேற்றுக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பிள்ளை, தண்ணீரைக் குறைத்ததுதான் கண் இருட்டியதற்குப் பாதிக் காரணம். மீதிப் பாதி நின்றது. அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தங்கிவிடும், சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்தும் இருப்பதால் தலைக்கு ஏறுவது குறையும். நிற்கும்போது குதியை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் அந்த இடத்திலேயே கீழே உட்காருங்கள், முடிந்தால் இடப்பக்கம் சரிந்து படுங்கள், சீத்தைச் சுருளே தலையணை.

முதலாளியிடம் பேசத் தயங்குகிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. கிளினிக்கில் டாக்டரிடம் "நீண்ட நேரம் நிற்கக் கூடாது" என்று ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள், உங்கள் பகுதி மருத்துவமாது மிஸ்ஸிடமும் சொல்லி வையுங்கள். வாய்ச்சொல்லுக்கு அசையாத முதலாளி கடிதத்துக்குச் சில நேரம் அசைவார். ஒரு ஸ்டூல், காசாளர் மேசைக்குப் பின்னால் ஓரிடம், மத்தியான வெயிலில் சாமான் தூக்க இன்னொருவர், இவ்வளவையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். "எனக்குக் கஷ்டமாக இருக்கு" என்று பொதுவாகச் சொன்னால் எல்லோருக்கும்தான் கஷ்டம் என்று பதில் வரும்.

இது செல்லம் கேட்கிற விஷயம் இல்லை. சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் பிள்ளை இறந்து பிறப்பதும் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று கண்டார்கள். அவர்களில் பலர் வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வேலை செய்தவர்கள், துணிக்கடை அந்தளவு இல்லைதான். ஆனாலும் ஃபேனைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பச் சொல்ல இந்தக் காரணம் காணும்.

பிரசவ விடுமுறையையும் கேட்டிருந்தீர்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் சம்பளத்தோடு 84 நாள், வார விடுமுறையும் போயா தினங்களும் அதற்குள் சேராது. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்ற பேதமும் இல்லை. கடையில் "இரண்டு பிள்ளைக்குத்தான்" என்று சொன்னால் அது பழைய சட்டம்.

அப்புறம் பஸ். முன்பக்கம் கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று எழுதிய ஆசனம் இருக்கிறது, அதில் ஒருவர் நித்திரை போல் நடித்துக்கொண்டிருப்பார். தோளில் தட்டி எழுப்புங்கள்.

மனைவிக்கு எட்டாம் மாதம். வெயிலில் கால் வீங்குகிறது என்று விட்டிருந்தோம். இப்போது மூன்று நாளாக முகமும் வீங்கி, மோதிரம் கழற்ற முடியவில்லை. சூட்டுத் தலையிடி என்று அம்மா நல்லெண்ணெய் வைத்துவிடுகிறார், தலையிடி போகவில்லை. கிராண்ட்பாஸில் இருந்து, ஒரு கணவன்.

தம்பி, உங்கள் கடிதத்தைக் கண்டதும் இதழ் வரும்வரை காத்திராமல் போன் எடுத்துவிட்டேன், நீங்களும் அன்றே கூட்டிக்கொண்டு போனீர்கள். இங்கே போடுவது மற்றவர்கள் வாசிப்பதற்காக.

வெயிலில் பின்னேரம் கால் வீங்கும், காலை நீட்டி உயர்த்திப் படுத்தால் விடிய இறங்கிவிடும். அது பயப்படுகிற வீக்கம் இல்லை. முகமும் கையும் திடீரென்று வீங்கினால், பனடோல் போட்டும் தலையிடி விடாவிட்டால், கண்ணில் மின்னல் மாதிரி வந்தால் அல்லது மங்கினால், நெஞ்சுக்குக் கீழே மேல் வயிற்றில் நொந்தால், அது வெயிலின் வேலை இல்லை, பிரஷர் ஏறியிருக்கக் கூடும். 20 வாரத்துக்குப் பிறகு 140க்கு 90 என்பதே அன்றைக்கே காட்ட வேண்டிய கணக்கு. எண்ணெய் வைத்துத் தலை முழுகிவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்தால் அந்த நாளைக்குள் வலிப்பு வரலாம். பிரசவ விடுதியில் வேலை செய்த வருஷங்களில் "சூடு என்று நினைத்தோம் மிஸ்" என்ற வசனத்தை நான் கேட்ட தடவைகளுக்குக் கணக்கில்லை.

நடு இரவு, வாகனம் இல்லை என்றால் 1990க்குப் போன் எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

மட்டக்குளியில் இருந்து. உடம்பு இரண்டு நாளாகக் கொதிக்கிறது. வெளியில் வெயில் என்பதால் உட்காய்ச்சல்தான், இளநீர் குடித்தால் சரியாகும் என்கிறார்கள். பத்து வாரம்.

உட்காய்ச்சல் என்று ஒரு காய்ச்சல் வெப்பமானிக்குத் தெரியாது. வைத்துப் பாருங்கள். 38ஐத் தாண்டினால் காய்ச்சல், அதற்கு வெயில் பொறுப்பில்லை. கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவைத்தான் நினைக்க வேண்டும், பிள்ளைத்தாய்ச்சி மூன்றாம் நாள் வரை காத்திருக்கவே கூடாது, முதல் நாளே காட்டுங்கள். பனடோல் தவிர வேறு நோக்குளிசை, குறிப்பாக இபுபுரோஃபன், டைக்குளோபினக், தொடாதீர்கள், டெங்கு என்றால் இரத்தம் கசிய வைக்கும். பத்து வாரம் என்பதால் இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகிற அந்த முதல் மாதங்களில் உடம்பு 39 பாகைக்கு மேல் போய் நிற்பது நல்லதல்ல, காய்ச்சலை இறக்கத்தான் வேண்டும்.

நோன்பு பிடிக்கலாமா? மருதானை, ஏழாம் மாதம்.

இந்தப் புழுக்கத்தில் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பதை நான் விரும்ப மாட்டேன். கர்ப்பிணிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது, விபரத்தை மௌலவியிடமும் உங்கள் உடம்பைப் பற்றி டாக்டரிடமும் கேளுங்கள். பிடித்துத்தான் பார்ப்பேன் என்றால் பிள்ளையின் துடிப்புக் குறைவதாகத் தோன்றிய அந்த நிமிஷமே திறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வெள்ளி, சஷ்டி என்று பட்டினி கிடக்கிற நம் பக்கத்து ஆட்களுக்கும் இதே பதில்தான்.

மார்புக்குக் கீழும் வயிற்று மடிப்பிலும் வேர்க்குரு. பவுடர் போட்டும் போகவில்லை. இப்போது உள்ளங்கையும் உள்ளங்காலும் கடிக்கிறது.

பவுடரை நிறுத்துங்கள், அது வேர்வையோடு குழைந்து துவாரங்களை அடைக்கும். கழுவி, ஒற்றித் துடைத்து, கலமைன் லோஷன் பூசி, தொளதொளப்பான பருத்திச் சட்டை போட்டால் ஒரு கிழமையில் இறங்கும். ஆனால் உள்ளங்கை, உள்ளங்காலில் பருவே இல்லாமல் கடிப்பது, அதுவும் இரவில் கூடுவது, வேர்க்குரு அல்ல. கடைசி மாதங்களில் ஈரல் சம்பந்தமான ஒரு கோளாறு அப்படித்தான் தொடங்கும். இரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும், அடுத்த கிளினிக் தேதி வரை வைத்திருக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள் அக்கா. எனக்கு ஐஸ் கடித்துச் சாப்பிட ஆசையாக இருக்கிறது. ஐஸ்பழம் இல்லை, வெறும் ஐஸ்கட்டி. ஒரு நாளைக்கு இரண்டு தட்டு முடிகிறது. வெயிலுக்குத்தானே? பம்பலப்பிட்டி.

சிரிக்கவில்லை. வெயிலுக்கு ஐஸ் தண்ணீர் குடிக்கத் தோன்றும், கட்டியைக் கடித்து நொறுக்க வேண்டும் போல் ஆசை வருவது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவுக்கு அடையாளம். களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குவது இரண்டையும் நீங்கள் வெயிலின் கணக்கில் எழுதியிருப்பீர்கள். கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா, அல்லது அது வயிற்றைப் பிரட்டுகிறது என்று அலுமாரிக்குள் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? பலர் சேர்த்துத்தான் வைத்திருப்பார்கள். இரவு சாப்பிட்ட பிறகு தோடம்பழச் சாறோடோ தேசிக்காய்த் தண்ணீரோடோ போடுங்கள். தேத்தண்ணீரோடு போட்டால் பாதி வீண், கல்சியம் குளிசையையும் அதே நேரத்தில் போடாமல் வேறு வேளைக்கு வையுங்கள். உங்கள் பதிவுப் புத்தகத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது? 11க்குக் கீழே என்றால் மிஸ்ஸிடம் இந்த ஐஸ் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவரை கடிப்பதென்றால் கொதித்தாறிய தண்ணீரில் வீட்டில் உறையவைத்த கட்டியாக இருக்கட்டும், பல்லையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.